உலாவியில் ஓடாத காணொளி: லினக்ஸில் பழுதைக் கண்டறியும் முறை

லினக்ஸ் கணினியின் உலாவியில் காணொளி சரியாக ஓடவில்லை என்று ஒருவர் முறையிடும்போது, அந்த ஒரே முறையீட்டுக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல பழுதுகள் ஒளிந்திருக்கக்கூடும். கறுப்புக் கட்டம் மட்டும் நிற்பது, வட்டம் ஓயாமல் சுழல்வது, ஒலி ஓடிக்கொண்டிருக்கப் படம் திக்கித் திக்கி நகர்வது, ஒலியும் படமும் சேர்ந்தே நின்றுபோவது, படத்தின் குறுக்கே கிழிசல் போன்ற கோடு தோன்றுவது ஆகிய எல்லாமே பயனரின் பார்வையில் "வீடியோ ஓடவில்லை" என்பதுதான். ஆனால் முதலாவதற்குக் கோடெக் இல்லாமையும், இரண்டாவதற்கு இணைப்பும், மூன்றாவதற்குச் செயலியின் திணறலும், நான்காவதற்கு ஒலிச் சேவையும், ஐந்தாவதற்குத் திரையமைப்பும் காரணமாக இருக்கையில், ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் இருந்த பழுது தீராததோடு புதியதொன்றும் சேர்ந்துகொள்ளும். எனவே எதையும் மாற்றுவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்பதை அளந்தறிவதையே இந்த அத்தியாயம் முதன்மைப்படுத்துகிறது.

காணொளி திரைக்கு வந்து சேரும் வழி

இன்றைய காணொளித் தளங்கள் ஒரு படத்தை முழுக் கோப்பாக அனுப்புவதில்லை. படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேவையகத்தில் வைக்கப்பட்டிருக்கும். பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல், இணைப்பின் வேகத்தைக் கணித்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவுசெய்து, வந்த துண்டுகளை மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்னும் இடைமுகத்தின் வழியாக உலாவியிடம் ஒப்படைக்கிறது. அங்கே ஒலியும் படமும் பிரிக்கப்பட்டு, பூட்டு இருந்தால் திறக்கப்பட்டு, கோடெக்கினால் விரிக்கப்படுகின்றன. கோடெக் என்பது படத்தைச் சுருக்கவும் சுருங்கியதை மீண்டும் விரிக்கவும் பயன்படும் நெறிமுறையும், அதைச் செயற்படுத்தும் மென்பொருளும் ஆகும்.

விரித்தல் எவ்வளவு பெரிய வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1080 வரிகள் கொண்ட ஒரு சட்டகம், அதாவது ஓடும் படத்தின் ஒரு நிலைப்படம், விரிந்த நிலையில் ஏறத்தாழ 3 மெகாபைட் இருக்கும். நொடிக்கு 60 சட்டகம் என்றால் நொடிதோறும் ஏறத்தாழ 187 மெகாபைட் தரவு உருவாகித் திரைக்குப் போக வேண்டும். கம்பிவழி வந்ததோ நொடிக்கு 1 மெகாபைட்டுக்கும் குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி மட்டுமே. அதற்குள் விரித்து முடிக்காத சட்டகம் காட்டப்படாமலே கைவிடப்படுகிறது. இவ்வேலையை மையச் செயலியே செய்யலாம், அல்லது வரைகலைச் சில்லில் இதற்கென்றே அமைந்துள்ள தனிப் பகுதியிடம் ஒப்படைக்கலாம். பின்னது வன்பொருள் முடுக்கம் எனப்படுகிறது.

இச்சங்கிலி எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானது. லினக்ஸின் தனித்தன்மை, அதன் கண்ணிகள் வெவ்வேறு கைகளிலிருந்து வருவதில்தான் உள்ளது. உலாவியை ஒரு நிறுவனமும், கோடெக் நூலகத்தை ஒரு தன்னார்வக் குழுவும், வரைகலை டிரைவரைச் சில்லு தயாரிப்பாளரும் மேசா திட்டமும் ஆக்க, இவற்றைத் தொகுத்து வழங்கும் டிஸ்ட்ரோ தன் சட்ட நிலைப்பாட்டுக்கேற்ப ஒன்றைச் சேர்க்கிறது, மற்றொன்றை விலக்குகிறது. இணைய அறிவுரைகளில் பல பொய்த்துப்போவதற்குக் காரணமும் இதுவே. அவை உபுண்டுவில் சரியாகவும் ஃபெடோராவில் பயனற்றவையாகவும் இருக்கும். பழமை இன்னொரு காரணம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் நாள் ஃப்ளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்ட பின்னும், ஃப்ளாஷ் செருகியை நிறுவுமாறு சொல்லும் பழைய குறிப்புகள் தேடலில் தலைகாட்டியபடியே உள்ளன. சில்வர்லைட்டை வைன் மூலம் ஓட்டச்செய்த பைப்லைட் பற்றிய குறிப்புகளும் அவ்வகையினவே. அவற்றைக் கண்டால் படிக்காமல் நகர்ந்துவிடலாம்.

புள்ளிவிவரப் பலகையைப் படித்தல்

யூடியூப் காணொளியின் மேல் வலச்சொடுக்கினால் தோன்றும் பட்டியலின் இறுதியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்றொரு வரி இருக்கும். விளையாட்டுப் பெயராகத் தோன்றினாலும், பழுது தேடுபவருக்கு அதைவிடப் பயனுள்ள கருவி உலாவிக்குள் வேறில்லை எனலாம். அதில் திறக்கும் பலகையில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். முதலாவது, பஃபர் நிலை: இன்னும் எத்தனை நொடிக்கான படம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. இரண்டாவது, தவறிய சட்டகங்களின் எண்ணிக்கை. மூன்றாவது, கோடெக்கின் பெயர்: ஏவிசி1 எனத் தொடங்கினால் எச்.264, விபி09 அல்லது விபி9 என்றிருந்தால் விபி9, ஏவி01 எனத் தொடங்கினால் ஏவி1.

படம் நிற்கும் வேளையில் பஃபர் பூச்சியத்தை நெருங்கியிருந்தால் பழுது இணைப்பில் உள்ளது. டிரைவரையும் கோடெக்கையும் தொடவே வேண்டாம். பஃபரில் முப்பது நாற்பது நொடிக்கான படம் காத்திருக்க, தவறிய சட்டகங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், இணைப்பு நன்றாக உள்ளது, விரித்தலோ வரைதலோ திணறுகிறது என்று பொருள். பஃபரும் நிறைந்து, சட்டகமும் தவறாமல், காலமானி மட்டும் நகராமல் நின்றால் ஒலியை ஐயுற வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெளிந்த பின்னரே அடுத்த அடி வைப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் 60 சட்டக வேகமுள்ள 1080 தரக் காணொளி திணறுகிறது எனக் கொள்ளலாம். பலகையில் கோடெக் ஏவி01 என்றும், அரை நிமிடத்தில் ஓடியிருக்க வேண்டிய 1,800 சட்டகங்களில் 400 தவறியதாகவும், பஃபரில் 40 நொடி இருப்பதாகவும் காட்டினால், முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. ஏவி1-ஐ விரிக்கும் வன்பொருள் இன்டெல்லில் 2020-இல் வந்த பதினொன்றாம் தலைமுறையான டைகர் லேக்கில்தான் தொடங்குகிறது. எனவே இக்கணினியில் முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழுகிறது. எந்த டிரைவரை மாற்றினாலும் இல்லாத வன்பொருளை வரவழைக்க இயலாது. தளத்தை வேறு கோடெக்கில் அனுப்பச் செய்வதே வழி. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைவுப் பக்கத்தில், அதாவது முகவரிப் பட்டையில் 'அபௌட்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் 'கான்ஃபிக்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் திறக்கும் பக்கத்தில், 'மீடியா.ஏவி1.எனேபிள்ட்' என்ற மதிப்பைப் பொய்யாக்கினால் தளம் விபி9-ஐ அனுப்பும். எச்.264 மட்டுமே வேண்டுமென்றால் 'எச்264ஐஃபை' போன்ற நீட்சிகள் உள்ளன. யூடியூப் 1080-க்கு மேற்பட்ட தரங்களை எச்.264-இல் தருவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்; ஆனால் இத்தகைய மடிக்கணினிகளின் திரைக்கு அது இழப்பன்று.

இப்பலகை இல்லாத தளங்களுக்கு உலாவியின் சொந்தக் கருவிகள் உதவும். குரோமிலும் குரோமியத்திலும் டெவலப்பர் கருவிகளில் 'மீடியா' என்றொரு தாவல் உண்டு. ஓடும் காணொளியைத் தேர்ந்தால், எந்த விரிப்பான் வேலை செய்கிறது, அது வன்பொருளா மென்பொருளா என்பதை அது பெயரோடு சொல்லும். பெயரில் விஏஏபிஐ இருந்தால் வன்பொருள். எஃப்எஃப்எம்பெக், விபிஎக்ஸ், டேவ்1டி என்றிருந்தால் மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸில் 'அபௌட்' முன்னொட்டோடு 'சப்போர்ட்' என அடித்தால் வரும் பக்கத்தின் 'மீடியா' பிரிவில், ஒவ்வொரு கோடெக்கும் மென்பொருளால் விரிக்கப்படுமா, வன்பொருளாலும் விரிக்கப்படுமா என்ற அட்டவணை இருக்கிறது.

இந்த அளவீடுகளோடு நீட்சிகள் இல்லாத நிலையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஃபயர்ஃபாக்ஸின் பழுதுநீக்கப் பயன்முறையிலோ, புதிதாக உருவாக்கிய தற்காலிகப் பயனர் விவரத்திலோ காணொளி ஒழுங்காக ஓடினால், குற்றவாளி விளம்பரத் தடுப்பியோ, எப்போதோ மாற்றி மறந்த அமைப்போதான். தானாக ஓடாத காணொளியைப் பழுதாகக் கொள்ளவும் கூடாது. 2018 முதல் குரோமும் 2019 முதல் ஃபயர்ஃபாக்ஸும் ஒலியுள்ள காணொளி கேட்காமலே ஓடுவதை இயல்பாகத் தடுக்கின்றன.

கோடெக் இல்லாமை

யூடியூப் ஓடுகிறது, செய்தித் தளக் காணொளிகளும் சமூக ஊடகக் காணொளிகளும் மட்டும் ஓடவில்லை என்றால், ஏறத்தாழ உறுதியாகவே எச்.264 இல்லை எனலாம். யூடியூபிடம் காப்புரிமைக் கட்டணமற்ற விபி9-உம் ஏவி1-உம் உண்டு. சிறிய தளங்கள் பலவற்றிடம் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் மட்டுமே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இந்நிலையில் தேவையான கோடெக்குகளை நிறுவுமாறு சொல்லும் பட்டையொன்றைப் பக்கத்தின் மேல் காட்டுவதுண்டு. அல்லது ஆதரிக்கப்படும் வடிவில் காணொளி இல்லை என்ற வாசகம் கறுப்புக் கட்டத்தின் நடுவே நிற்கும்.

எச்.264 2003-இல் வெளியான தரநிலை. அதன் காப்புரிமைகளுக்கு உரிமக் கட்டணம் வசூலிக்கப்பட்டு வந்ததால், அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட டிஸ்ட்ரோக்கள் அதைத் தம் தொகுப்பில் சேர்க்கத் தயங்கின. கூகுள் குரோம் தன் சொந்த எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வருவதால் இச்சிக்கல் அதற்கில்லை. ஃபயர்ஃபாக்ஸோ லினக்ஸில் எச்.264-ஐ விரிக்க, கணினியில் நிறுவப்பட்டுள்ள, எஃப்எஃப்எம்பெக்கின் பகுதியான லிப்ஏவிகோடெக் என்னும் நூலகத்தைத் தேடிச் செல்கிறது. எனவே ஒரே காணொளியைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓட்டிப் பார்த்து, முன்னதில் ஓடிப் பின்னதில் ஓடாவிட்டால், நூலகமே காரணம் என்று கொள்ளலாம்.

தீர்வு டிஸ்ட்ரோவைப் பொறுத்தது. டெபியன் லிப்ஏவிகோடெக்கைத் தன் முதன்மைக் களஞ்சியத்திலேயே தருகிறது. உபுண்டுவில் 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பு வேண்டியவற்றைக் கொணர்ந்து சேர்க்கும். ஃபெடோராவில் இயல்பாக வருவது, காப்புரிமைக்குட்பட்ட பகுதிகள் நீக்கப்பட்ட 'எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ'. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்குள்ள முழு எஃப்எஃப்எம்பெக்கை அதன் இடத்தில் மாற்றி நிறுவ வேண்டும். ஓப்பன்சூசேயில் அதே பணியைப் பேக்மேன் களஞ்சியம் செய்கிறது.

நூலகம் இருந்தும் ஓடாத நிலையும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் லிப்ஏவிகோடெக்கைப் பதிப்பெண் பார்த்தே ஏற்கிறது. எஃப்எஃப்எம்பெக் 6-உடன் 60-ஆம் பதிப்பும், எஃப்எஃப்எம்பெக் 7-உடன் 61-ஆம் பதிப்பும் வந்தன. தொடர்ச்சியாகப் புதுப்பிக்கப்படும் டிஸ்ட்ரோவில் புதிய நூலகம் வந்து, பயனரோ இணையத்திலிருந்து இறக்கி வைத்த பழைய ஃபயர்ஃபாக்ஸையே ஓட்டிக்கொண்டிருந்தால், அப்பழைய உலாவிக்கு அறிமுகமில்லாத பதிப்பு அதன் கண்ணில் படாது. நேற்று ஓடிய காணொளி இன்று ஓடாமற்போகும் மர்மங்களில் பல இவ்வகையே. உலாவியைப் புதுப்பித்தால் தீரும்.

ஸ்னாப், ஃபிளாட்பேக் எனப்படும் தனியறைத் தொகுப்புகளுக்கு மேற்கண்ட அறிவுரை பொருந்தாது. அத்தகைய தொகுப்பு, கணினியின் பொது நூலகங்களைப் பாராமல் தனக்குள் உள்ளவற்றையே பயன்படுத்தும். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக மட்டுமே இயல்பாக வருவதை அறியாதவர்கள், நூலகத்தை எத்தனை முறை நிறுவினாலும் பலனில்லையே என்று மலைத்துப் போகிறார்கள். ஃபிளாட்பேக்கில் கோடெக்கும் வரைகலை டிரைவரும் ஃப்ரீடெஸ்க்டாப் தளத்தின் நீட்சிகளாகத் தனியே வருகின்றன. 'ஃபிளாட்பேக் அப்டேட்' கட்டளையால் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

வன்பொருள் முடுக்கம்

இப்பகுதிக்குள் நுழையுமுன் ஓர் எச்சரிக்கை தேவை: வன்பொருள் முடுக்கம் இல்லாமை தன்னளவில் பழுதன்று. கடந்த பத்தாண்டுக்குள் வந்த ஓரளவு நல்ல செயலி, 1080 தர எச்.264 படத்தை மென்பொருளாலேயே சிரமமின்றி விரித்துவிடும். இழப்பு மின்கலத்தின் ஆயுளிலும் விசிறியின் இரைச்சலிலும்தான். சட்டகம் தவறாதபோது, அட்டவணையில் 'வன்பொருள்' என்ற சொல்லைக் காண வேண்டும் என்பதற்காகவே நாட்களைச் செலவிடுவது வீண்வேலை.

தேவைப்படுபவர்கள் முதலில் அடித்தளத்தைச் சோதிக்க வேண்டும். இன்டெல் நிறுவனம் உருவாக்கிய விஏ-ஏபிஐ என்பதே லினக்ஸ் உலாவிகள் சில்லின் விரிப்புப் பகுதியை அணுகும் பொது இடைமுகம். முனையத்தில் 'விஏஇன்ஃபோ' என்னும் கட்டளையை, உச்சரிப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து, இயக்கினால் முதலில் டிரைவரின் பெயர் வரும்: புதிய இன்டெல்லுக்கு ஐஎச்டி, பழைய இன்டெல்லுக்கு ஐ965, ஏஎம்டிக்கு ரேடியான்எஸ்ஐ. அதன்கீழ் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் கோடெக்கும் வலப்பக்கம் திறனும் இருக்கும். வலப்பக்கம் 'விஎல்டி' என முடிந்தால் அச்சில்லு அந்தக் கோடெக்கை விரிக்கும். 'என்க்ஸ்லைஸ்' என முடியும் வரிகள் சுருக்குதல் பற்றியவை, காணொளி பார்ப்பதற்கு அவற்றால் பயனில்லை. நீண்ட பட்டியலைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், வேண்டிய கோடெக்குக்கு நேரே 'விஎல்டி' உள்ளதா என்று தேடுவதே முறை.

கட்டளை பிழையோடு முடிந்தால் உலாவி அமைப்புகளைத் தொடுவதில் பொருளில்லை. இன்டெல்லில் பெரும்பாலும் 'இன்டெல்-மீடியா-டிரைவர்' தொகுப்பு நிறுவப்பட்டிராது. ஏஎம்டியில் கட்டளை வெற்றிபெற்றும் எச்.264 வரி காணப்படாவிட்டால், டிஸ்ட்ரோ ஃபெடோராவாக இருக்கக்கூடும்; 2022-இல் வந்த ஃபெடோரா 37 தொட்டு மேசாவில் எச்.264, எச்இவிசி ஆகியவற்றுக்கான முடுக்கம் சட்டக் காரணத்தால் அணைத்து வைக்கப்பட்டது. அதை மீட்க, ஆர்பிஎம் ஃப்யூஷனில் 'ஃப்ரீவேர்ல்ட்' என்ற பின்னொட்டோடு கிடைக்கும் மேசா தொகுப்பை நிறுவ வேண்டும்.

என்விடியா தனிக்கதை. அதன் தனியுரிமை டிரைவர் விஏ-ஏபிஐயைத் தருவதில்லை. என்விடெக் என்னும் சொந்த வழியையே தருகிறது, உலாவிகளோ அவ்வழியை அறியா. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் 'என்விடியா-விஏஏபிஐ-டிரைவர்' என்ற திறமூலத் திட்டம் ஃபயர்ஃபாக்ஸை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; குரோமை அது ஆதரிப்பதில்லை. இன்டெல் சில்லும் என்விடியா அட்டையும் சேர்ந்துள்ள மடிக்கணினிகளில் காணொளியை இன்டெல்லிடமே விட்டுவிடுவது பெரும்பாலும் நிம்மதி.

அடித்தளம் சரியென்றால் உலாவிக்கு வரலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பில் இன்டெல்லுக்கும், 2025 மார்ச்சில் வந்த 136-ஆம் பதிப்பில் ஏஎம்டிக்கும் முடுக்கத்தை இயல்பாகவே இயக்கிவிட்டது. அதற்கு முற்பட்ட குறிப்புகள் சொல்லும் மாற்றங்களைப் புதிய பதிப்பில் செய்வது தேவையற்றது. குரோமிலும் குரோமியத்திலும் தொடக்கக் கட்டளையோடு சேர்க்க வேண்டிய அம்சப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்துள்ளன. பழைய பெயரைக் கொடுத்தால் குரோம் பிழை எதையும் காட்டாது, அமைதியாகப் புறக்கணித்துவிடும். இதனால் பயனற்ற நீண்ட கட்டளையை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவோர் பலர். எனவே மாற்றம் செய்தபின் 'மீடியா' தாவலில் விரிப்பானின் பெயரைப் பார்த்தே நம்ப வேண்டும். இன்னும் நேரடியான சான்று வேண்டுமென்றால், காணொளி ஓடும்போது இன்டெல்லில் 'இன்டெல்_ஜிபியு_டாப்' கருவியை இயக்கி, அதில் 'வீடியோ' என்ற வரி பூச்சியத்திலிருந்து உயர்கிறதா என்று காணலாம்.

விரிப்பு சரியாக இருந்தும் எல்லாப் பக்கங்களுமே மந்தமாக நகர்ந்தால், வரைகலைச் சில்லு முற்றிலும் ஒதுங்கி, எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வரைவி அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸின் ஆதரவுப் பக்கத்தில் 'கிராஃபிக்ஸ்' பிரிவில் அப்பெயர் தென்பட்டால், டிரைவரோ ஃபர்ம்வேரோ ஏற்றப்படவில்லை என்று பொருள். மெய்நிகர் கணினிக்குள் இது இயல்பு. படத்தின் குறுக்கே தோன்றும் கிழிசல் கோடு எக்ஸ்11 திரையமைப்பின் பழைய நோய். வேலேண்டு என்னும் புதிய திரையமைப்புக்கு மாறினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்; எக்ஸ்11-இலேயே இருக்க வேண்டியவர்கள் டிரைவரின் 'டியர்ஃப்ரீ' தேர்வை இயக்கலாம்.

பூட்டிய காணொளிகள்

கட்டணத் தளங்கள் தம் படங்களைப் பூட்டி அனுப்புகின்றன. பூட்டைத் திறக்கும் கூறு கூகுளின் வைட்வைன். குரோமில் அது சேர்ந்தே வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகளின் பொதுப் பகுதியில், டிஆர்எம் கட்டுப்பாட்டிலுள்ள உள்ளடக்கத்தை ஓட்ட இசைவு கொடுத்தால், உலாவியே அதை இறக்கிக்கொள்ளும். டிஸ்ட்ரோ தரும் குரோமியத்தில் வைட்வைன் மூடிய மென்பொருள் என்பதால் சேர்க்கப்படுவதில்லை. யூடியூப் ஓடும் அதே குரோமியத்தில் கட்டணத் தளம் மட்டும் பிழை காட்டுவதற்கு இதுவே காரணம். வைட்வைன் ஜிலிப்சி நூலகத்தை நம்பிக் கட்டப்பட்டுள்ளதால், மசல் நூலகத்தின் மேல் நிற்கும் ஆல்பைன் போன்ற டிஸ்ட்ரோக்களில் அது நேரடியாக இயங்குவதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கலாகவே வருகிறது என்ற முறையீட்டுக்கு இங்கே விடை சொல்லிவிடலாம். வைட்வைன் மூன்று பாதுகாப்பு நிலைகளை வகுக்கிறது. லினக்ஸ் மேசைக்கணினி உலாவிகள், திறப்பு முழுவதும் மென்பொருளிலேயே நடக்கும் மூன்றாம் நிலையில் உள்ளன. அந்நிலைக்கு 4கே தரத்தைத் தர உரிமையாளர்கள் இசைவதில்லை. சில தளங்கள் அதற்கும் கீழேயே நிறுத்திக்கொள்கின்றன. இது தளத்தின் கொள்கை. இணைப்பையோ டிரைவரையோ மேம்படுத்துவதால் மாறாது.

ஒலியால் நிற்கும் படம்

உலாவி படத்தின் ஓட்டத்தை ஒலியின் கடிகாரத்தோடு இணைத்தே நடத்துகிறது. ஒலிக்கருவி தரவை வாங்காமல் நின்றுவிட்டால் கடிகாரமும் நிற்கும், படமும் நிற்கும். படத்தின் ஒலியை முடக்குவதாலும் இந்நிலை மாறாதிருக்கலாம். யூடியூப் சில வேளை ஒலி வரைவியில் பிழை என்று சொல்லிக் கணினியை மறுதொடக்கம் செய்யுமாறு கேட்பது இதனால்தான். கணினியை அணைக்கத் தேவையில்லை. ஃபெடோரா 34, உபுண்டு 22.10 முதலான பதிப்புகளிலிருந்து பழைய ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பைப்வயர் பிடித்துள்ளது; 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையைப் பயனர் நிலையில் கொடுத்து, பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் ஆகிய மூன்று சேவைகளையும் மறுதொடக்கம் செய்தால் போதும். படம் ஓடி ஒலி மட்டும் இல்லையென்றால், பாவுகண்ட்ரோல் என்னும் ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் 'பிளேபேக்' தாவலில், உலாவியின் ஒலி துண்டித்துவிட்ட புளூடூத் கருவிக்கோ எச்டிஎம்ஐ வாயிலுக்கோ போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இணைப்பு

பஃபர் வறண்டால் முதலில் எண்களை ஒப்பிட வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் 1080 தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. வேகச் சோதனையில் இதைவிடப் பலமடங்கு கிடைத்தும் காணொளி நின்றுநின்று ஓடினால், சராசரி வேகத்தில் தெரியாத இடைவெட்டுகளே காரணம். மடிக்கணினிகளில் அவற்றுக்கு அடிக்கடி மூலமாக இருப்பது வைஃபையின் மின்சேமிப்பு. உபுண்டு இதை இயல்பாக இயக்கி வைக்கிறது. நெட்வொர்க்மேனேஜரின் உள்ளமைவுக் கோப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பு 3 என்றிருந்தால் சேமிப்பு இயங்குகிறது, அதை 2 ஆக்கி அச்சேவையை மறுதொடக்கம் செய்தால் நின்றுவிடும். ஈதர்நெட் கம்பியைச் செருகி அதே காணொளியை ஓட்டிப் பார்ப்பது, இக்கோப்பைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனை.

அலுவலக, விடுதி வலையமைப்புகளில் மற்றொரு சிக்கல் உண்டு. பெரிய தளங்கள் யுடிபி வழியே இயங்கும் குயிக் நெறிமுறையில் காணொளியை அனுப்ப முயல்கின்றன. சில தீச்சுவர்கள் அதைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ செய்யும். ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைவுப் பக்கத்தில் குயிக்கின் மேல் இயங்கும் எச்டிடிபி3-க்கான மதிப்பையோ, குரோமின் 'ஃபிளாக்ஸ்' பக்கத்தில் குயிக் தேர்வையோ அணைத்துவிட்டு ஓட்டினால் உலாவி பழைய டிசிபி வழிக்குத் திரும்பும். வேறுபாடு தெரிந்தால் காரணம் புலப்பட்டது.

பழுதைத் தெரிவித்தலும் மாற்றங்களைத் திரும்பப்பெறுதலும்

இத்தனைக்குப் பின்னும் தீராத பழுதை உரியவரிடம் சேர்ப்பிக்க, கண்ணியைக் கண்டறிந்த உழைப்பே கைகொடுக்கும். விஏஇன்ஃபோ பிழை காட்டினால் டிஸ்ட்ரோவிடமோ மேசா, இன்டெல் டிரைவர் திட்டங்களிடமோ சொல்ல வேண்டும். அது சரியாக இருந்து ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் தவறினால் மொசில்லாவின் பக்ஸில்லாவில் பதியலாம். ஆதரவுப் பக்கத்திலுள்ள 'நகலெடு' பொத்தானை அழுத்தினால் உலாவிப் பதிப்பு, டிரைவர், கோடெக் அட்டவணை ஆகியவை உரையாகக் கிடைக்கும். அதனோடு புள்ளிவிவரப் பலகையின் திரைப்பிடிப்பையும் சேர்த்தால், படிக்கும் நிரலாளர் கேட்கக்கூடிய முதல் கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே அங்கே இருக்கும்.

பதிவதற்கு முன், சோதனையின்போது மாற்றிய மதிப்புகளை மீட்டுவிட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைவுப் பக்கத்தில் மாற்றியவற்றை மட்டும் காட்டும் தேர்வு இருக்கிறது. ஒவ்வொன்றின் எதிரிலும் உள்ள வளைந்த அம்புக்குறி அதை இயல்புநிலைக்குக் கொண்டுவரும். குரோமின் 'ஃபிளாக்ஸ்' பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்கும் பொத்தான் மேற்புறத்தில் உள்ளது. தொடக்கக் கட்டளையில் சேர்த்தவை அதனால் போகா. அவற்றை டெஸ்க்டாப் கோப்பைத் திறந்து கையாலேயே நீக்க வேண்டும்.